வாசனை மெழுகுவர்த்தியும் அதன் காலி ஜாடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டில் இப்போது ஒன்பது மெழுகுவர்த்தி ஜாடிகள் இருக்கின்றன. மெழுகு இருப்பது இரண்டில்தான். மற்ற ஏழில் பேனா, பட்டன், பஞ்சு, ஒரு செடி என்று ஆளுக்கொரு குடித்தனம். வந்து பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். மெழுகு தீர்ந்த பிறகு ஜாடி உருப்படியாகக் கைக்கு வருமா என்பதில் பாதி, அதை முதல் முறை ஏற்றும் அன்றே முடிவாகிவிடுகிறது. ஆகவே எரிப்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

புதிய மெழுகுவர்த்தியை முதல் முறை எவ்வளவு நேரம் எரிய விட வேண்டும்?

மேல்பரப்பு முழுவதும், கண்ணாடியைத் தொடும் ஓரம் வரை, உருகும் வரைக்கும். ஜாடியின் விட்டத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 7.5 செ.மீ. ஜாடி என்றால் மூன்று மணி நேரம். அரை மணியில் அணைத்துவிட்டால் திரியைச் சுற்றி ஒரு சின்ன வட்டம்தான் உருகியிருக்கும். அடுத்த முறையும் மெழுகு பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளேயே உருகும். அப்புறம் நடுவில் கிணறு மாதிரி குழி விழுந்து, சுற்றிலும் உள்ள மெழுகு எரியாமல் அப்படியே நிற்கும்.

நேரமில்லாத நாளில் புது ஜாடியைத் தொடாதீர்கள். அதே சமயம் ஒரே மூச்சில் நாலு மணி நேரத்துக்கு மேலும் போக வேண்டாம். கண்ணாடி அளவுக்கு மீறிச் சூடாகும், திரி நீண்டு கரி கட்டும்.

எனக்கு ஏற்கெனவே குழி விழுந்துவிட்டது. சரி செய்ய முடியுமா?

ஆழமாகப் போகவில்லை என்றால் முடியும். அலுமினிய ஃபாயிலை இரண்டாக மடித்து ஜாடியின் வாயில் தொப்பி போலச் சுற்றுங்கள். நடுவில் பெரிய நாணயம் அளவுக்கு ஓட்டை விட்டு, அதன் வழியாகத் திரியை ஏற்றுங்கள். வெளியே போகிற சூடு உள்ளே திரும்புவதால், ஓரத்து மெழுகு மெல்ல இறங்கிவிடும். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஃபாயிலை வெறுங்கையால் எடுக்க வேண்டாம், கண்ணில் தெரிவதைவிடச் சூடாக இருக்கும்.

ஹேர் டிரையரை மேலிருந்து காட்டி மேல்பரப்பைச் சமமாக உருக்குவது இன்னும் வேகமான வழி. ஆனால் மெழுகு உருகி வந்து திரியை மூழ்கடித்துவிடலாம். அப்படி ஆனால் கொஞ்சம் மெழுகை டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு ஏற்றுங்கள்.

ஒவ்வொரு முறையும் திரியை வெட்ட வேண்டுமா?

வேண்டும். 5 அல்லது 6 மி.மீ. விட்டால் போதும். இதைச் சோம்பலில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், நானும் அப்படி இருந்தவன்தான்.

காரணம் தெரிந்தால் விட மனசு வராது. மெழுகுவர்த்தியில் எரிவது திரியும் இல்லை, உருகிய மெழுகும் இல்லை. திரி மெழுகை உறிஞ்சி மேலே கொண்டுபோகிறது, அங்கே அது ஆவியாகிறது, அந்த ஆவிதான் எரிகிறது. சந்தேகமிருந்தால் சுடரை அணைத்தவுடன் எழும் வெள்ளைப் புகையில், திரியிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. மேலே தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். நெருப்பு புகை வழியே தாவி இறங்கித் திரியில் பற்றிக்கொள்ளும். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இளைஞர்களுக்காக மெழுகுவர்த்தியைப் பற்றியே தொடர் சொற்பொழிவு நடத்தியபோது செய்து காட்டிய வித்தை இது.

திரி நீளமாக இருந்தால் சுடருக்கு எரிக்க முடிகிற அளவைவிட அதிக மெழுகு மேலே ஏறுகிறது. எரியாமல் மிச்சப்படும் கரிதான் கறுப்புப் புகை. திரியின் நுனியில் காளான் போல ஒரு உருண்டை சேர்ந்தால் அதுவும் கரியே. ஜாடி ஆறிய பிறகு, அடுத்த முறை ஏற்றுவதற்கு முன் கிள்ளி எடுத்துவிடுங்கள். கத்தரிக்கோல் உள்ளே எட்டாத ஆழமான ஜாடியில், டிஷ்யூவை விரலில் சுற்றிக்கொண்டு கருகிய நுனியைக் கிள்ளினாலே உடைந்து வந்துவிடும்.

பழைய காலத்துத் திரிகள் முறுக்கிய நூல். எரியும்போதே கத்தரியோடு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். 1825 வாக்கில் பிரான்ஸில் பின்னல் திரி வந்தது. அது எரியும்போது தானாக வளைந்து, நுனியைச் சுடரின் ஓரத்துக்குக் கொண்டுபோய் எரித்துவிடும். நமக்கு மிச்சம் இருப்பது இந்த 5 மி.மீ. வேலை மட்டும்தான்.

ஜாடியின் வாய்ப் பக்கம் கறுத்துப்போகிறதே?

திரி நீளம், அல்லது மின்விசிறிக் காற்று. சுடர் ஆடினால் புகைக்கும். ஜன்னல் ஓரம், விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். படிந்த கரியை ஜாடி ஆறிய பிறகு காய்ந்த டிஷ்யூவால் துடைத்தால் போய்விடும். ஈரத் துணி போட்டால் இழுவிக்கொள்ளும்.

எந்த மெழுகு நல்லது?

பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது. கார்ல் வான் ரைகன்பாக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1830ல் இதைப் பிரித்தெடுத்தார். மணத்தை நன்றாகப் பிடித்து நன்றாகவே வீசும். சோயா மெழுகு ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே உருகுகிற மென்மையான ரகம், சுடுதண்ணீரும் சோப்பும் போட்டால் கழுவ வந்துவிடும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி வரை போனால்தான் உருகும், ஒட்டினால் விடாது. தேங்காய் எண்ணெய் மெழுகு தனியாக நின்றால் மிகவும் மென்மை என்பதால் பெரும்பாலும் வேறொன்றோடு கலந்தே வரும்.

ஜாடியைத் திரும்பப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் என் ஓட்டு சோயாவுக்கு. ஆனால் 'சோயா என்றால் புகையே வராது' என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். திரியை வெட்டாமல் விட்டால் எந்த மெழுகும் புகைக்கும்.

மூடியைத் திறந்தால் கமகமவென்று இருக்கிறது, ஏற்றினால் வாசமே வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்பட வேண்டாம். குளிர்ந்த மெழுகு மணப்பது வேறு, எரியும்போது மணப்பது வேறு. இரண்டாவது, உருகிய மெழுகின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு முழுவதும் உருகாமல் வாசம் வீசாது. அறை பெரிதென்றால் சின்ன ஜாடிக்கு அது முடியாத காரியம். குளியலறையில் வைத்துப் பாருங்கள், அதே ஜாடி தூக்கும்.

இன்னொன்று, நம் மூக்கு. ஒரே வாசத்தில் உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வந்து முகர்ந்து பாருங்கள், அது எங்கும் போயிருக்காது. மணம் போதவில்லை என்று எரிகிற ஜாடியில் நறுமண எண்ணெயை மேலே ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. எண்ணெய் தீப்பிடிக்கும்.

மெழுகு பழுப்பாகிவிட்டது, மேலே வெள்ளைத் திட்டு படிந்திருக்கிறது. கெட்டுப்போனதா?

இல்லை. பழுப்பு வெனிலா மணத்தால் வருவது, அதிலுள்ள வெனிலின் நாளடைவில் நிறம் மாறும். வெள்ளைத் திட்டு சோயாவின் இயல்பு. இரண்டும் எரிவதைப் பாதிக்காது. வெயில் படாமல், மூடி போட்டு வைத்தால் வாசம் நீண்ட நாள் நிற்கும்.

உடம்புக்குக் கெடுதலா?

எது எரிந்தாலும் கொஞ்சம் கரித்துகள் காற்றில் கலக்கும். வாசனை மெழுகுவர்த்தி அதற்கு விலக்கில்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, திரியை வெட்டி, அவ்வப்போது ஏற்றுகிறவர்கள் பயந்து நடுங்க வேண்டியதில்லை. வீட்டில் ஆஸ்துமா இருப்பவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் தவிர்ப்பது நல்லது. பறவை வளர்க்கும் அறையில் வேண்டவே வேண்டாம், அவற்றின் மூச்சு மண்டலம் மிக மென்மையானது. பூனைகளுக்குச் சில நறுமண எண்ணெய்கள் விஷமாகும் என்பதால், உருகிய மெழுகை அவை நக்காத உயரத்தில் வையுங்கள்.

திரிக்குள் உலோகக் கம்பி இருக்கிறதே, அது ஈயமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் ஈயக் கம்பி வைத்தார்கள். அமெரிக்கா 2003ல் அதைத் தடை செய்தது. இப்போது காண்பது பெரும்பாலும் துத்தநாகம். எழுதியிருப்பதைப் பார்த்துப் பருத்தித் திரியாக வாங்கினால் இந்தக் கவலையே இல்லை.

எப்படி அணைப்பது?

ஊதாதீர்கள். உருகிய மெழுகு தெறிக்கும், கருகிய நாற்றம் அதுவரை வந்த நல்ல வாசத்தையெல்லாம் கெடுத்துவிடும். நீளமான கம்பியோ கரண்டிக் காம்போ எடுத்து, எரியும் திரியை உருகிய மெழுகுக்குள் அமுக்கி உடனே நிமிர்த்துங்கள். புகை வராது, திரியும் மெழுகில் தோய்ந்துகொள்வதால் அடுத்த முறை சுலபமாகப் பற்றும். உலோக மூடி இருந்தால் மூடுவதும் சரி.

தண்ணீர் மட்டும் ஊற்றக்கூடாது. கொதிக்கும் மெழுகில் விழுந்த தண்ணீர் சட்டென்று ஆவியாகி, மெழுகை நெருப்போடு மேலே வீசியடிக்கும். பரப்பு முழுவதும் தீப்பிடித்தாலும் மூடிதான் மருந்து.

காசு கொடுத்து வாங்கியது, கடைசிச் சொட்டு வரை எரிக்கக் கூடாதா?

கூடாது. அடியில் 1 செ.மீ. மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். சுடருக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெத்தை மாதிரி இருப்பது அந்த மெழுகுதான். அது தீர்ந்துவிட்டால் சூடு நேராக அடிக்கண்ணாடியில் இறங்கும். ஜாடி விரிசல் விடும், கீழே உள்ள மேஜையும் பொசுங்கும். அந்த ஒரு செ.மீ. மெழுகை வீண் என்று நினைக்கிறவர்களுக்கு: அதை வெளியே எடுத்த பிறகு வேறு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அந்த மிச்ச மெழுகை எப்படி எடுப்பது?

எனக்குப் பிடித்தது ஃப்ரீசர். குளிரில் மெழுகு கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கும் என்பதுதான் இதன் சூட்சுமம். ஜாடியை மூன்று நான்கு மணி நேரம் உள்ளே வைத்துவிட்டு எடுங்கள். கண்ணாடிக்கும் மெழுகுக்கும் நடுவே வெள்ளி மாதிரி ஒரு மெல்லிய கோடு மின்னினால் பழுத்துவிட்டது என்று அர்த்தம். மழுங்கிய வெண்ணெய்க் கத்தியை ஓரத்தில் விட்டு லேசாக நெம்புங்கள். 'டப்' என்று ஒரு சத்தம், மெழுகு வட்டமான வில்லையாக, திரியோடு சேர்ந்து கையில் வந்து விழும். அந்தச் சத்தத்துக்காகவே நான் ஒரு ஜாடியைத் தீர்க்க அவசரப்படுவதுண்டு.

வாய் குறுகலான ஜாடிக்கு இது ஒத்துவராது, வில்லை வெளியே வராது. அதற்குச் சுடுதண்ணீர். ஒரு பாத்திரத்தில் ஜாடியை நிறுத்தி, சுற்றிலும் கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, பிறகு மெல்ல மெல்லச் சூடான தண்ணீராக மாற்றிக்கொண்டே போனால் மெழுகு இளகிவிடும். இளகியதைக் காகிதக் கோப்பையில் கவிழ்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு வழியையும் கலக்காதீர்கள். நான் கலந்தேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜாடியில் மெழுகு அசையவில்லை. பொறுமையில்லாமல் கெட்டிலில் கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றினேன். ஒரு சின்ன 'டிக்'. அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, கத்தியால் கீறியதுபோல் சுற்றிலும் ஒரு கோடு. தூக்கினேன், மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. அடர் பச்சைக் கண்ணாடி, என்னிடம் இருந்ததிலேயே அழகானது.

உருகிய மெழுகையும் மெழுகு கலந்த தண்ணீரையும் சிங்கில் கொட்டாதீர்கள். குழாய்க்குள் போய் உறைந்தால் அடைப்பு எடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

அடியில் ஒட்டியிருக்கும் திரித் தகடு?

பசையால் ஒட்டியிருப்பார்கள். ஹேர் டிரையரால் அடியைச் சூடாக்கிவிட்டுக் கத்தி முனையால் நெம்பினால் வந்துவிடும்.

லேபிள் பசை போகவே மாட்டேன் என்கிறது.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி ஊற வைத்தால் காகிதம் உரிந்துவிடும். பிசுபிசுப்புக்கு, சமையல் எண்ணெயும் பேக்கிங் சோடாவும் சம அளவு குழைத்துத் தடவி, கால் மணி கழித்து நாரால் தேய்க்கலாம். அசையாவிட்டால் நெயில் பாலிஷ் ரிமூவர். ஆனால் கண்ணாடி மேலேயே அச்சடித்த எழுத்தோ வண்ணப் பூச்சோ இருந்தால் அதுவும் சேர்ந்து கரையும்.

கழுவிய பிறகும் வாசம் இருக்கிறதே?

பேக்கிங் சோடா இரண்டு கரண்டி போட்டு ஓர் இரவு மூடி வையுங்கள், அல்லது திறந்த வாக்கில் இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். கண்ணாடியைவிட அதன் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம்தான் வாசத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். அதைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். கைக்குட்டை, முடிக்குப் போடும் ரப்பர் பேண்ட் இவற்றைப் போட்டு வைக்கப் போகிறீர்கள் என்றால் வாசத்தைத் துரத்தாதீர்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

தண்ணீர் குடிக்க, உணவு போட்டு வைக்கப் பயன்படுத்தலாமா?

நான் மாட்டேன். அது மெழுகுக்காகச் செய்த ஜாடி, உணவுக்காகச் செய்யப்பட்டதில்லை. உட்பக்கம் வண்ணம் பூசியிருக்கலாம், நறுமண எண்ணெயின் மிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கலாம். பீங்கான், சிமென்ட் ஜாடிகள் என்றால் உள்ளே ஊறியே போயிருக்கும். கொதிக்கும் பானத்தை ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு என் பச்சை ஜாடியே சாட்சி.

அப்படியானால் எதற்குத்தான் வைத்துக்கொள்வது?

முதலில், 'எதற்காவது ஆகும்' என்று அலமாரியில் அடுக்காதீர்கள். வீட்டில் எது சிதறிக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு ஜாடியைத் தேடுங்கள். என் வீட்டில் சிதறிக் கிடந்தது தீக்குச்சி. பெட்டி நமுத்துப் போகும், இல்லாவிட்டால் காலியாகும். ஒரு குட்டையான ஜாடியில் குச்சிகளைக் கொட்டி, பெட்டியின் உரசும் பட்டையை வெட்டி ஜாடியின் அடிப்புறத்தில் ஒட்டினேன். அடுத்த மெழுகுவர்த்தி ஏற்ற, முந்தைய மெழுகுவர்த்தியின் ஜாடி. மூடி போட்டிருந்தால்தான் குச்சி நமுக்காது, உரசும்போது மூடியை மறக்காமல் போட்டுவிடுங்கள்.

குளியலறையில் பஞ்சும் காது குடையும் குச்சியும் மூடி போட்ட ஜாடியில் ஈரம் படாமல் இருக்கின்றன. ஒப்பனை பிரஷ்களுக்கு உயரமான ஜாடி, அடியில் கொஞ்சம் கண்ணாடி மணி கொட்டினால் பிரஷ் சாயாமல் நிற்கும். தையல் சாமானுக்குத் தெளிந்த கண்ணாடிதான் தேவை, பட்டனைத் தேடிக் கொட்டிக் கவிழ்க்க வேண்டாம். பேனா நிறுத்தக் கனமான ஜாடியாகப் பாருங்கள், லேசானது கத்தரிக்கோலின் எடைக்கே குப்புற விழுந்துவிடும். சார்ஜர் வயர், சாவி, சில்லறை என்று மற்றதை உங்கள் மேஜையே சொல்லும்.

செடி வைக்கலாமா?

நேராக மண் போட்டால் பெரும்பாலும் அழுகும். ஜாடியின் அடியில் ஓட்டை கிடையாது. அடியில் கூழாங்கல் போட்டால் போதும் என்பார்கள், நம்பாதீர்கள். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அந்தக் கல்லுக்குள்ளேயே தேங்கி, வேருக்குப் பக்கத்தில் நிற்கும். ஓட்டையுள்ள சின்னப் பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து, அதை ஜாடிக்குள் இறக்குங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து வடிய விட்டுத் திரும்ப வைக்கலாம்.

அதைவிடச் சுலபம், மணிபிளான்ட் கொடியை ஒரு கணுவோடு வெட்டி வெறும் தண்ணீரில் போடுவது. கணு தண்ணீருக்குள் இருந்தால் சில வாரத்தில் வேர் விடும். நிறக் கண்ணாடியில் வெளிச்சம் குறைவாகப் போவதால் பாசியும் குறைவாகப் பிடிக்கும்.

அதே ஜாடியில் நானே மெழுகு ஊற்றிக்கொள்ளலாமா?

தாராளமாக, ஜாடியில் கீறலோ விரிசலோ இல்லை என்றால். விளக்குக்கு நேரே பிடித்து மெல்லச் சுற்றிப் பாருங்கள், நகத்தால் விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

எவ்வளவு மெழுகு வேண்டும் என்பதற்குத் தண்ணீர் ஊற்றி அளக்கலாம். மெழுகு தண்ணீரைவிட லேசானது. 200 மி.லி. தண்ணீர் பிடித்தால் 170, 180 கிராம் மெழுகு போதும். பிறகு ஜாடியை ஈரமில்லாமல் காய வைக்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் எரியும்போது படபடவென்று வெடிக்கும். மெழுகை நேரடி நெருப்பில் வைக்காமல், சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். மெழுகுவர்த்திக்கென்று விற்கும் நறுமண எண்ணெயாக வாங்கி, மெழுகின் எடையில் 6 முதல் 10 சதவீதம் சேர்த்தால் போதும். அதற்கு மேல் போனால் மெழுகு எண்ணெயைத் தாங்காமல் கக்கிவிடும்.

தவறு நடப்பது திரியில்தான். ஜாடியின் விட்டத்துக்கு ஏற்ற தடிமனில் திரி வேண்டும். மெல்லியதாக இருந்தால் குழி விழும், தடித்ததாக இருந்தால் புகைக்கும். நிறத்துக்காக க்ரேயான் போடாதீர்கள், அதிலுள்ள நிறமி எரியாமல் திரியை அடைத்துவிடும். மேலே காய்ந்த பூ அலங்கரிப்பது படம் எடுக்க அழகு, ஏற்றினால் அதுவே இரண்டாவது திரியாகிவிடும்.

ஊற்றி முடித்ததும் ஏற்றக் கை பரபரக்கும். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும். சோயா என்றால் ஒன்று இரண்டு வாரம் மூடி வைத்தால்தான் மணம் மெழுகோடு நன்றாகக் கலக்கும்.

எடுத்த வில்லைகளை என்ன செய்வது?

மின்சார மெழுகு வார்மர் இருந்தால் அதில் போடலாம், நெருப்பில்லாமல் வாசம் மட்டும் வரும். இல்லையென்றால் துணிப்பையில் கட்டித் துணி அலமாரியின் மூலையில் வையுங்கள், துணியில் நேரடியாகப் படாமல். எண்ணெய்க் கறை ஏறிவிடும். சிக்கிக்கொள்ளும் உலோக ஜிப்பின் பற்களில் ஒரு துண்டைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். இழுக்க வராத மர டிராயரின் ஓரத்துக்கும் அதே வைத்தியம்.

எதைத் தூக்கிப் போட வேண்டும்?

விரிசல் விட்டது, விளிம்பு உடைந்தது, இரண்டையும் தயங்காமல். பேனா ஸ்டாண்டாகக்கூட வேண்டாம், விரிசல் கண்ணாடி என்றைக்காவது கையைக் கிழிக்கும். நல்ல ஜாடிகளிலும் வேலை கிடைக்காமல் ஒரு மாதம் சும்மா நிற்பதை யாருக்காவது கொடுத்துவிடுவேன். மறுசுழற்சிக்குப் போடுவதானால் மெழுகு, தகடு எல்லாம் நீக்கியிருக்க வேண்டும். வெப்பம் தாங்கும் கண்ணாடியாக இருந்தால் சாதாரண பாட்டில் கண்ணாடியோடு சேர்க்க மாட்டார்கள், அது உருகும் சூடு வேறு. எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள். உடைந்ததை நாலு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதிப் போடுங்கள். குப்பை எடுக்கிறவர் வெறுங்கையால்தான் எடுப்பார்.